துவைத்தால் துணி

"பதினோராம் பக்கத்துல ஒரு வார்த்தைய அடிக்கணுங்க" என்றேன்.

அதை மட்டும் கேட்கவே கூடாது என்று வக்கீல் கமலக்கண்ணன் மூன்று முறை சொல்லி அனுப்பியிருந்தார். தண்ணீர் கேள், வேறு தேதி கேள், அழுகை வந்தால் கொஞ்சம் அழு, அந்த வார்த்தையின் மேல் மட்டும் கை வைக்காதே என்றார். உன்னைக் காப்பாற்றுவதே அதுதான் என்றார்.

விசாரணை அலுவலர் லூர்துநாதன் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என்னைப் பார்த்தார். ஓய்வு பெற இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது அவருக்கு. மேசையில் மாதா படம், பக்கத்தில் பேத்தி தேவாலயத்தில் முதல் நன்மை வாங்கிய படம். நல்ல மனிதர்தான்.

"எந்த வார்த்தம்மா?"

"கவனக்குறைவு."

அவர் பக்கத்தைப் புரட்டி, விரல் வைத்து வாசித்தார். 'தொழிலாளி சின்னப்பொண்ணுவை உரிய நேரத்தில் எச்சரிக்கத் தவறியது பாதுகாப்பு அலுவலர் செந்தமிழ்ச்செல்வியின் கவனக்குறைவு.'

"ரொம்ப லேசாதானம்மா எழுதியிருக்கேன். வயசு கம்மி, மொத வேல, அனுபவம் பத்தலன்னு மேலயே போட்டிருக்கேன் பாரு."

"லேசா இருக்கறதுதாங்க தப்பு."

"இத எடுத்தா அந்த எடத்துல வேற ஒன்னு எழுதணும். தெரிஞ்சுதான் பேசறியா?"

தெரிந்துதான் பேசினேன். அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மணி ஒன்றே கால். எங்கள் ஊரில் அந்த நேரத்துக்குக் கடைக்காரர்கள் ஷட்டரை இறக்கிவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார்கள். பிரெஞ்சுக்காரன் போய் இத்தனை வருடம் ஆகியும் அந்தப் பழக்கம் மட்டும் போகவில்லை.

"நான் வூட்டுக்குப் போயி ரெண்டு வாய் சாப்ட்டு வரேன். ரெண்டரைக்கு வந்துடுவேன். நீ உக்காந்து யோசி. யோசிச்சுட்டுக் கையெழுத்தப் போட்டு வெய்யி. நீ சாப்ட்டியா?"

"ஆச்சுங்க" என்றேன். ஆகவில்லை.

அவர் செருப்புச் சத்தம் மாடிப்படியில் இறங்கிப் போயிற்று. அறையில் நானும் அறிக்கையும்தான். அவர் வருவதற்குள் சொல்லி முடித்துவிடுகிறேன்.

நான் கவனக்குறைவான ஆள் இல்லை. எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். மில் மூடிய பிறகு அப்பா ஏ.டி.எம். வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து என்னை பி.எஸ்சி. வேதியியல் படிக்க வைத்தார். அந்த மாதிரி வீட்டிலிருந்து வருகிறவர்களுக்குக் கவனக்குறைவு கட்டுப்படியாகாது. ஹால் டிக்கெட்டை மறந்துவிட்டுப் போனால் பின்னாலேயே காரில் எடுத்துவந்து கொடுக்க ஆள் கிடையாது. எதையும் இரண்டு முறை பார்ப்பேன். எதையும் எழுதி வைப்பேன். தேதி போடுவேன்.

சேதராப்பட்டில் பிஸ்கட் உறையும் ஷாம்பு பாக்கெட்டும் அச்சடிக்கிற ஒரு கம்பெனியில் பாதுகாப்பு அலுவலராகச் சேர்ந்தேன். அச்சு உருளைகளில் ஒட்டிய மையைத் தின்னரில் நனைத்த பனியன் துணியால் துடைப்பார்கள். ஒரு ஷிப்டுக்கு ஒரு சாக்குத் துணி. அந்தத் துணி வெறும் குப்பை இல்லை. சட்டப்படி அபாயக் கழிவு. மூடிய டிரம்மில் போட வேண்டும். எடை போட்டுப் பதிய வேண்டும். தொண்ணூறு நாளைக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. அனுமதி பெற்ற இடத்துக்கு அனுப்பி, ஏழு நகல் சீட்டு போட வேண்டும். விதிகளை நான் ஒரே வாரத்தில் மனப்பாடம் செய்தேன்.

எங்கள் கம்பெனியில் அப்படி ஒரு சீட்டுகூட இல்லை. மேலாளர் இராமதாஸிடம் கேட்டேன். காலை மீட்டிங்கில், எல்லோர் முன்னாலும்.

"செல்விம்மா" என்றார், பல்லைக் குத்திக்கொண்டே. "துவைச்சா துணி. துவைக்கலன்னாதான் கழிவு. நாம துவைக்கிறோமே. கெமிஸ்ட்ரி படிச்சவங்களுக்கு இதக்கூட நாந்தான் சொல்லிக் குடுக்கணுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்காதவர்கள் டீயைக் குடித்தார்கள். அந்த வருட அறிக்கையில் அபாயக் கழிவு என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுத வைத்தார்கள். எழுதியது என் கைதான்.

துவைத்தது சின்னப்பொண்ணு அக்கா. கனகசெட்டிக்குளத்துக்காரர், முன்பு மீன் விற்றவர். புருஷன் கடலோடு போய்விட்டார். ஒரே மகள் சுமலதா. கம்பெனிக்குப் பின்னால் தகரக் கொட்டகை ஒன்று, அதில் மூன்று பாதி டிரம். முதல் டிரம்மில் பழைய தின்னர், இரண்டாவதில் சோப்புத் தண்ணீர், மூன்றாவதில் நல்ல தண்ணீர். கையை முழங்கை வரைக்கும் விட்டு அலசிப் பிழிந்து கொடியில் போடுவார். ஊதா மை ஓடிய நாளில் அவர் கை ஊதா, சிவப்பு ஓடினால் சிவப்பு. "இன்னிக்கு எந்த பிஸ்கட்டுன்னு என் கையப் பாத்தாலே தெரிஞ்சுடும்" என்பார்.

நான் முதலில் செய்தது சரியான காரியம். அதைக் குறித்துக்கொள்ள வேண்டும். சேர்ந்த மூன்றாம் மாதம், வேலை போனால் போகட்டும் என்று, அக்காவின் தலைவலியையும் மயக்கத்தையும் எழுதி, சம்பந்தப்பட்ட அலுவலகம் ஒன்றில் மனு கொடுத்தேன். அங்கிருந்தவர் மனுவை முழுவதும் படிக்கவில்லை.

"ஒரு அம்மாவுக்குத் தலைவலின்னு கம்பெனிய மூட முடியுமா மேடம்? எனக்கும்தான் தலவலி. வாராவாரம் எழுதின பதிவு இருக்கா? ரத்த டெஸ்ட் இருக்கா? ஒரு ஆறு மாசத்துக்குக் கொண்டாங்க, பாக்கலாம்."

அவர் என்னை விரட்டுவதற்காகச் சொன்னார். எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் படித்த காலமெல்லாம் என்னை விரட்டச் சொன்ன வேலைகளைச் செய்துகாட்டித்தான் நான் மேலே வந்திருக்கிறேன். அன்று மாலையே நேரு வீதியில் ஒரு கறுப்பு அட்டை நோட்டு வாங்கினேன்.

ஆறு மாதம் என்றால் இருபத்தாறு வாரம்.

கம்பெனியில் நான் யாரோடும் சேரவில்லை. யாரும் என்னைச் சேர்க்கவும் இல்லை. ஆபீஸ்காரர்களுக்கு நான் குறை கண்டுபிடிக்கிறவள். மெஷின் ஆட்களுக்கு நான் ஆபீஸ். நான் போனால் கேன்டீனில் பேச்சு நின்றுவிடும், பிறகு யாராவது "வாங்க மேடம்" என்பார்கள், அதற்கு மேல் ஒன்றும் வராது. அந்த ஆறு மாதமும் என் டிபன் பாக்ஸைக் கொட்டகையில் வைத்துத்தான் திறந்தேன். அக்காதான் கூப்பிட்டார்.

"ஏம்மா, அந்த ஏசியில தனியா உக்காந்து தயிர்சாதம் தின்னா எறங்குமா? தோ, சங்கரா மீன் கொழம்பு. ஊத்திக்கோ. மை நாத்தத்தப் பாக்காத."

"உங்களுக்கு நாத்தமா தெரியலியாக்கா?"

"தெரியாம என்னா? என் மூக்கு ஊருக்கே தெரியும். மூடின கூடைக்குள்ள இருக்கற மீன் நேத்து புடிச்சதா இன்னிக்குப் புடிச்சதான்னு சொல்லிடுவேன். ஏலத்துல என்னைக் கண்டா அவனுவோ நடுங்குவானுவோ."

முதல் வாரம் என்று போட்டு அதை எழுதினேன். வாசனை: மிக நன்றாகத் தெரிகிறது.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் எழுதினேன். தலைவலி எத்தனை நாள். கை நடுக்கம் உண்டா. பேசும்போது சொல் மறக்கிறதா. வேடிக்கைபோலத்தான் கேட்பேன். கை நீட்டச் சொல்லி ரேகை பார்ப்பதுபோல நடுக்கத்தைப் பார்ப்பேன். "எனக்கு எப்ப செல்வி கல்யாணம்?" என்று அவர் சிரிப்பார். கோடு போட ஸ்கேல் வைத்திருந்தேன்.

ஒன்பதாம் வாரம் சுமலதா வந்தாள். மளிகைக் கடையில் மஞ்சள் நிறத்தில் ரப்பர் கையுறை வாங்கி வந்திருந்தாள், பாத்திரம் தேய்க்கிறது. "அம்மா கையெல்லாம் வெடிச்சிருக்குக்கா, பாருங்க" என்றாள். நான் உண்மையைத்தான் சொன்னேன். அந்த ரப்பர் தின்னரில் ஊறி நைந்துவிடும், உள்ளே போன தின்னர் வெளியே வராது, போடாமல் இருப்பதே மேல் என்றேன். வேதியியல்படி அதில் ஒரு பிழை இல்லை. தின்னர் தாங்குகிற கையுறை ஸ்டோரில் பன்னிரண்டு ஜோடி இருந்தது. அதை எடுக்க வேண்டிய சீட்டில் கையெழுத்துப் போட வேண்டியது நான். ஒன்பது வாரப் பதிவுக்குப் பிறகு நடுவில் கையுறை வந்தால் எண்கள் குழம்பிவிடும். பத்தாம் வாரத்திலிருந்து எதைக் காட்டுவது?

பதினான்காம் வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை, அக்கா கொண்டுவந்த குழம்பைத் திறந்ததும் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மீன் கெட்டுப்போயிருந்தது. நன்றாகவே கெட்டுப்போயிருந்தது.

"என்னாம்மா?"

"மீனு..."

அவர் பாத்திரத்தை முகத்துக்கு நேராகத் தூக்கி முகர்ந்தார். மறுபடியும் முகர்ந்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். நான் சொல்வதிலிருந்துதான் அவருக்கு அது தெரியவந்தது.

"காலைலயே சுமலதா கத்தனா. எவனோ கெழவிய ஏமாத்திட்டான்னா. நான்தான் சண்ட போட்டுட்டு வந்தேன், என் மூக்குக்கு எவன்டி கெட்ட மீனு விப்பான்னு." பாத்திரத்தை மூடினார். "சளி புடிச்சிருக்கும் போல."

"சளிதான்க்கா" என்றேன்.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை இல்லை. இருந்தாலும் எழுதினேன். வாசனை: தெரியவில்லை. நோட்டில் அதுவரைக்கும் வந்ததிலேயே அதுதான் உறுதியான பதிவு. ஒரு மீன்காரருக்கு மீன் நாற்றம் தெரியவில்லை என்பதை எந்த அலுவலகமும் தலைவலி என்று சொல்லித் தள்ள முடியாது. அன்று இரவு எனக்கு நல்ல தூக்கம் வந்தது. மறைக்க ஒன்றும் இல்லை.

பதினெட்டாம் வாரம் ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போனேன். கம்பெனி செக்கப் என்று சொன்னேன். செலவு என்னுடையது. முடிவு வந்தபோது நான் எதிர்பார்த்ததைவிட மோசமாக இருந்தது. வெள்ளை அணு பாதிக்கும் கீழே. பரிசோதனைக் கூடத்துப் பெண் தாளைத் தரும்போது, "ஒடனே பெரிய டாக்டரப் பாக்கச் சொல்லுங்க" என்றாள். நான் தலையாட்டினேன்.

கொட்டகை வாசலில் அக்கா காத்திருந்தார். "என்னாம்மா சொன்னாங்க?"

"நல்லா இருக்குதாம்க்கா. கொஞ்சம் கீரை சாப்பிடச் சொன்னாங்க."

அவர் கீரை வாங்க ஆரம்பித்தார். தினமும் என் தட்டிலும் வைத்தார்.

சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். சொல்லியிருந்தால் அவர் நின்றிருப்பார். அவர் நின்றால் அடுத்த திங்கட்கிழமை இராமதாஸ் வேறொருத்தியைக் கொண்டுவந்து அந்த டிரம் முன்னால் உட்கார வைத்திருப்பார். நான் முதல் வாரத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும். அந்தப் பெண்ணுக்கும் சேர்த்துத்தான் நான் எழுதிக்கொண்டிருந்தேன். சேதராப்பட்டில், எங்கள் ஊர் மேட்டுப்பாளையத்தில், எங்கெல்லாம் துணி துவைக்கிறார்களோ அத்தனை பேருக்கும். ஒருவருடைய ஆறு மாதம், அவ்வளவுதான்.

இருபத்திரண்டாம் வாரம் அவர் போகப் பார்த்தார். கதிர்காமம் ஆஸ்பத்திரியில் ஒப்பந்தத்தில் துப்புரவு வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று சுமலதா சொல்லியிருந்தாள். அக்கா என்னிடம்தான் யோசனை கேட்க வந்தார். படித்த பிள்ளை என்றுதான்.

"அங்க போனா நெழல்ல வேல. கையும் ஆறும்னு சொல்றா. நீ என்னா சொல்ற?"

அந்த மதியம் கொட்டகை மிகவும் அமைதியாக இருந்தது. கொடியில் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. நான் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

"உங்கள நெரந்தரம் ஆக்கப் போறாங்கக்கா. பேப்பர் என் டேபிள்லதான் இருக்கு. ஒரு மாசம் பொறுத்துக்கோங்க."

அப்படி ஒரு பேப்பர் இல்லை. அது பொய்தான்; ஒப்புக்கொள்கிறேன். அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். நடுக்கம் என் மணிக்கட்டு வரைக்கும் தெரிந்தது. அதையும் எழுதினேன். அவர் போயிருந்தால் நான் யாரோடு சாப்பிட்டிருப்பேன் என்பதையும் அன்று நினைத்தேன். அதை எழுதவில்லை. பதிவுக்குச் சம்பந்தமில்லாதது.

இருபத்தாறாம் வாரம் முடிந்த திங்கட்கிழமை நோட்டின் நகலோடு புது மனு கொடுக்கத் தயாராகி, முதலில் தொலைபேசியில் பேசினேன். இந்த முறை ஒரு பெண் அதிகாரி எடுத்தார். நான் இரண்டு வாக்கியம்தான் சொன்னேன், கெமிக்கல் துணியைக் கையால் துவைக்கிறார்கள் என்று. "நாளைக்கே வரோம்" என்றார். நோட்டைப் பற்றிச் சொல்வதற்குள் வைத்துவிட்டார்.

அந்த வாரம் மழை. அக்காவுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். ஈறில் ரத்தம் வருகிறது, லீவு வேண்டும் என்று சுமலதா போன் செய்தாள். நான், "நாளைக்கு ஒரு நாள் மட்டும் வந்துட்டுப் போவச் சொல்லு. பெரிய ஆளுங்க வராங்க. அம்மா நெரந்தரம் ஆவற விஷயம்" என்றேன். வெறும் டிரம்மைக் காட்டி என்ன செய்வது? ஆள் இருந்தால்தானே தெரியும்.

அவர் வந்தார். கம்பெனி வேனிலிருந்து இறங்கும்போது என்னைப் பார்த்துச் சிரித்தார். சாரல் அடிக்கிறதென்று யாரோ கொட்டகையின் ஷட்டரை இறக்கிவிட்டிருந்தார்கள். நான் அதைப் பார்த்தேன். அதிகாரிகள் பத்தரைக்கு வந்து அதை ஏற்றினபோது அக்கா முதல் டிரம்மின் விளிம்பில் முகத்தைச் சாய்த்து உட்கார்ந்த நிலையில் கிடந்தார். கை இரண்டும் தின்னருக்குள் இருந்தன. அன்று பச்சை மை.

பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். அவர் கடைசியாகச் சேர நினைத்த அதே ஆஸ்பத்திரி. நான் தினமும் போனேன். அடக்கத்துக்குப் பிறகு சுமலதா என் தோளில் சாய்ந்து அழுதாள். "ஒங்கள மாதிரி எங்கம்மாவ யாருமே கவனிச்சுக்கல" என்றாள். உண்மைதான். யாருமே அப்படிக் கவனிக்கவில்லை. மகளுக்குப் புரிந்தது இந்த அறிக்கைக்குப் புரியவில்லை.

கம்பெனியை மூடினார்கள். இராமதாஸ் மேல் வழக்கு. இன்று அந்தத் தொழிற்பேட்டையில் எந்த வாசலுக்குப் போனாலும் மூடி போட்ட டிரம், அதில் சிவப்பு எழுத்து, பக்கத்தில் எடை மெஷின். நான் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

ஒன்றைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. அறிக்கையின் ஆறாம் பக்கத்தில் இருக்கிறது. மூடுவதற்கு ஆதாரமாக அவர்கள் எடுத்துக்கொண்டது கொடியில் கிடந்த ஒரே ஒரு பனியன் துணி. பையில் போட்டு முத்திரை வைத்து ஆய்வுக்கு அனுப்பினார்கள். ஒரு துணியே போதுமானது என்று எழுதியிருக்கிறார்கள். அந்தத் துணி முதல் வாரமும் அதே கொடியில்தான் கிடந்தது. என் நோட்டை யாரும் கேட்கவே இல்லை. ஆறு மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமைகூட விடாமல், அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதியதை ஒருவர்கூடப் பிரித்துப் பார்க்கவில்லை. பிரிக்காமலே கவனக்குறைவு என்று எழுதிவிட்டார்கள்.

மணி இரண்டு இருபது ஆகிவிட்டது. அறிக்கையில் நான் கையெழுத்துப் போடவில்லை. பதினோராம் பக்கத்தைத் திறந்து, அதன் மேல் கறுப்பு நோட்டை வைத்தேன். ரத்தப் பரிசோதனைத் தாளும், நான் கையெழுத்துப் போடாத கையுறைச் சீட்டும் உள்ளே ஒட்டியிருக்கின்றன. லூர்துநாதன் ஐயா நிதானமாக வாசிப்பவர். வாசித்தால் அந்த வார்த்தையை அவரே அடித்துவிடுவார். அந்த இடத்தில் என்ன எழுதுவதென்று அவருக்கே தெரியும். காற்றில் பறக்காமல் பேப்பர் வெயிட்டை எடுத்து வைத்துவிட்டு எழுந்தேன்.

படியிறங்கி வெளியே வந்தேன். தெரு முழுக்க ஷட்டர்கள் இறங்கிக் கிடந்தன. நான் நடக்கிற சத்தம் மட்டும் கேட்டது. மூன்று மணிக்கு வேலைக்குப் போக வேண்டும். மேட்டுப்பாளையத்தில் கார் பெயின்ட் அடிக்கிற ஒரு கூடத்தில் போன மாதம் சேர்ந்துவிட்டேன். அங்கே தின்னர்த் துணியைத் துவைப்பது ஃபாத்திமா அக்கா. சட்டம் இன்னும் அந்தச் சந்து வரைக்கும் வரவில்லை. ஒரு துணியை எடுத்துப் பையில் போட்டுக் கொடுத்தால் போதும் என்று இப்போது எனக்குத் தெரியும். ஆனால் துணியைப் பார்த்து மூடுகிறவர்கள் ஆளைப் பார்ப்பதே இல்லை. ஒருமுறையாவது அவர்கள் ஆளைப் பார்க்க வேண்டும். அதை முடிவு செய்துவிட்டேன்.

முதல் நாளே என்னைத் தனியாகச் சாப்பிட விடாமல் கூப்பிட்டு உட்கார வைத்தவர் அவர். போன வெள்ளிக்கிழமை பிளாஸ்க் மூடியைத் திறந்து என் பக்கம் நீட்டினார். "இஞ்சி தட்டிப் போட்டேன்ம்மா. எனக்கே மூக்குல ஏறுது, ஒனக்கு?"

பையில் புது நோட்டு இருக்கிறது. முதல் வாரம் எழுதியாயிற்று. வாசனை: மிக நன்றாகத் தெரிகிறது.